மீன் தொட்டியில் கேப்சூலை உடைப்பதற்கு முன்

வடசென்னையில் கொளத்தூரிலும் வில்லிவாக்கத்திலும் மாதவரத்திலும் கலர் மீன் தொழிலில் புதிதாக இறங்குகிறவர்களுக்குத் தொட்டி கட்டவும், ஏர் பம்பு மாட்டவும், ஆக்சிஜன் அடித்துப் பை கட்டவும் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறது. தெருவுக்கு ஒரு அனுபவசாலியாவது கிடைப்பார். ஆனால் மீனுக்கு நோய் வந்தால் என்ன செய்வது என்று கேட்டால், பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

"அண்ணே, கோல்டு பிஷ்ஷுக்கு வால் அழுகுதுண்ணே. நேத்துலேர்ந்து மூணு செத்துப்போச்சு."

"டெட்ராசைக்ளின் ரெண்டு கேப்சூல் ஒடச்சுப் போட்டுப் பாரு தம்பி. கேக்கலன்னா நாலாப் போடு."

சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஒரு காலத்தில் அவருக்கு இரண்டு கேப்சூலிலேயே கேட்டிருக்கலாம். இன்று நாலு போட்டும் கேட்கவில்லை என்றால், அன்று போட்ட அந்த இரண்டுக்கும் அதில் பங்கு உண்டு. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் நாளிலிருந்தே வேறு பழக்கத்தில் இறங்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். என்ன கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று தெரிந்த பிறகுதான் ஆன்டிபயாடிக். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

கிருமி எப்படித் தப்பிக்கிறது

ஒரு தொட்டித் தண்ணீரில் கோடிக்கணக்கான பாக்டீரியா இருக்கும். பெரும்பாலானவை மீனை ஒன்றும் செய்யாதவை. சில, ஸ்பான்ஞ் ஃபில்டரில் குடியிருந்து, மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற நச்சை மாற்றி மீனைக் காப்பாற்றுகிறவை. ஆன்டிபயாடிக் விழுந்ததும் அதற்கு அடங்குகிறவை சாகும். மருந்தைச் சிதைக்கும் நொதியோ, உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளும் அமைப்போ உள்ள ஒன்றிரண்டு தப்பிக்கும். போட்டிக்கு ஆளில்லாத தொட்டியில் அவை பெருகும். அடுத்த முறை அதே மருந்தைப் போடும்போது தொட்டி முழுக்க அவற்றின் வாரிசுகள்.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. இந்தத் தாங்கும் திறன் பல சமயம் பிளாஸ்மிட் என்ற சின்ன டி.என்.ஏ வளையத்தில் இருக்கிறது. ஊறுகாய்ப் பக்குவத்தைப் பக்கத்து வீட்டுக்கு எழுதிக் கொடுப்பது போல, ஒரு பாக்டீரியா அந்த வளையத்தின் நகலை இன்னொன்றுக்குக் கொடுத்துவிடும். வாங்குகிறது அதே இனமாக இருக்க வேண்டும் என்பதில்லை. மீனைத் தாக்கும் ஏரோமோனாஸிலிருந்து மனிதக் குடலில் வாழும் ஈ. கோலைக்குப் போகலாம், அங்கிருந்து இங்கேயும் வரலாம். ஜப்பானிய மீன் பண்ணைகளில் இப்படிப்பட்ட பிளாஸ்மிட்களை 1970களிலேயே கண்டறிந்து எழுதிவிட்டார்கள். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றால் நேரடியாக 2019 ஒரே ஆண்டில் உலகம் முழுக்க 12.7 லட்சம் பேர் இறந்ததாக லான்செட் மருத்துவ இதழில் வந்த மதிப்பீடு சொல்கிறது. நம் தொட்டியில் போடும் டெட்ராசைக்ளினும் சிப்ரோஃப்ளாக்சசினும் அந்த மனிதர்களுக்கும் தேவைப்பட்ட மருந்துகளின் குடும்பம்தான்.

கலர் மீனை யாரும் சாப்பிடுவதில்லை, அதனால் எதைப் போட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். சாப்பாட்டு மீனில் மருந்து மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க யாராவது இருக்கிறார்கள். கலர் மீனுக்கு அந்தக் கேள்வியே இல்லாததால்தான் இங்கே மருந்து கணக்கில்லாமல் போகிறது. பல நாடுகளிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த வண்ண மீன்களையும் அவை வந்த பைத் தண்ணீரையும் சோதித்து 2009இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதில் சோதித்த ஏரோமோனாஸ்களில் பாதி, 15 அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகளைத் தாங்கி நின்றன. கொளத்தூரிலிருந்தும் மீன்கள் பையில்தான் ஊர் ஊராகப் போகின்றன. கூடவே அந்தத் தண்ணீரும் போகிறது.

முதலில்: புது மீன் தனித் தொட்டியில்

வாங்கி வந்த மீனை நேராகப் பழைய மீனோடு விடாதீர்கள். இரண்டு முதல் மூன்று வாரம் தனித் தொட்டி, தனி வலை, தனிக் குழாய், தனி வாளி. பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. மீனை மட்டும் வலையில் எடுத்து விட வேண்டும். பையை அரை மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் ஊற்றிப் பழக்கினால் மீனுக்கு அதிர்ச்சி குறையும்.

இந்த ஒரு பழக்கம் இருந்தாலே ஆன்டிபயாடிக் தேடி ஓடும் நாள்கள் பாதியாகக் குறையும் என்பது என் எண்ணம். இடம் இல்லை என்று சொல்கிறவர்கள் வளர்ப்புத் தொட்டி ஒன்றைக் குறைத்துக்கொண்டாவது இதற்கு இடம் ஒதுக்க வேண்டும்.

தீனியிலும் ஒரு கவனம் வேண்டும். ட்யூபிஃபெக்ஸ் புழுவை விரும்பாத மீன் இல்லை. குஞ்சுகள் மளமளவென்று வளரும். ஆனால் நம் ஊரில் அது சாக்கடையில் பிடித்து வருவது. மனிதர்கள் சாப்பிட்டு வெளியேற்றிய மருந்தும், அந்த மருந்தைப் பார்த்துப் பழகிய பாக்டீரியாவும் சேர்ந்து கிடக்கிற சேற்றில் வளர்ந்த புழு. அதைத்தான் குஞ்சுத் தொட்டியில் கொட்டுகிறோம். மொய்னா என்ற நீர்ப்பூச்சியை நாமே ஒரு தொட்டியில் வளர்த்துக்கொள்ளலாம், ஆர்ட்டீமியா என்ற குட்டி உப்புநீர் இறாலின் முட்டை வாங்கிப் பொரிக்கலாம். ட்யூபிஃபெக்ஸ் இல்லாமல் முடியாது என்றால், ஓடும் தண்ணீரில் குறைந்தது ஒரு நாள் முழுக்க வைத்து, செத்த புழுக்களை அலசி வெளியேற்றிவிட்டுக் கொடுங்கள். அலசினால் கிருமி குறையும், முழுதும் போகாது.

மீன் சோர்ந்தால் தண்ணீரைச் சோதியுங்கள்

மீன் மேலே வந்து வாய் பிளக்கிறது, துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் நிற்கிறது, தீனி எடுக்கவில்லை. இதைப் பார்த்ததும் கை மருந்துக்குப் போகும். போகக் கூடாது. அம்மோனியா, நைட்ரைட், பி.எச் மூன்றையும் பார்க்கிற சோதனைக் கிட் மீன் கடைகளிலேயே கிடைக்கிறது. முதலில் அதை எடுங்கள்.

ஏரோமோனாஸ் எங்கிருந்தோ வந்து தாக்குகிற கிருமி இல்லை. நல்ல தண்ணீரிலும் இருக்கும், ஆரோக்கியமான மீனின் குடலிலும் இருக்கும். தண்ணீர் கெட்டு மீன் தளரும்போதுதான் அது உள்ளே நுழைகிறது. அப்படி இருக்க, தண்ணீரைச் சரிசெய்யாமல் மருந்து போடுவதில் என்ன பயன்?

வடசென்னையில் தண்ணீர் கெடுகிற வழிகள் நமக்குத் தெரிந்தவைதான். மெட்ரோ லாரித் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஒரு நாள் காற்றடித்து வைக்க வேண்டும், அல்லது குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்ஃபேட் போட வேண்டும். போர் தண்ணீர் பல இடங்களில் உப்பும் கடினத்தன்மையும் கூடியது. தரைக்கு அடியிலிருந்து வருவதால் ஆக்சிஜனும் குறைவாக இருக்கும். அதற்கும் காற்றடித்த பிறகுதான் மீன். மே மாதத்தில் மொட்டை மாடித் தொட்டி சூடாகும்போது தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறையும். அதே சூட்டில் அம்மோனியாவின் நச்சு வடிவம் கூடும், பி.எச் ஏறினால் இன்னும் கூடும். அதனால் வெயில் காலத்தில் நிழல் வலை கட்டுவதும், தீனியைக் குறைப்பதும், மீனின் எண்ணிக்கையைக் குறைப்பதும் மருந்தைவிடப் பலன் தரும்.

மழைக்காலக் கதை வேறு. ஐப்பசி, கார்த்திகையில் திறந்த தொட்டியில் மழை நேராக விழுந்தால் வெப்பமும் பி.எச்சும் சட்டென்று இறங்கும். கரண்ட் போனால் ஏர் பம்பு நிற்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கரண்ட் இல்லாமல் கிடந்ததை வடசென்னைக்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. பேட்டரியில் ஓடும் பம்பு ஒன்று கையில் இருக்க வேண்டும். புயல் அன்றைக்குத் தப்பித்த மீனுக்கு நாலைந்து நாள் கழித்துப் புண் விழும். அன்றைய மூச்சுத் திணறலின் விளைவு அது என்பது அப்போது நமக்குத் தோன்றாது, புதிதாக நோய் வந்துவிட்டதாகத்தான் தெரியும்.

சரி, அம்மோனியா ஏறியிருக்கிறது. கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை தண்ணீர் மாற்றுங்கள், தீனியை ஒரு நாள் நிறுத்துங்கள், அடியில் தங்கிய கழிவைக் குழாய் வைத்து உறிஞ்சுங்கள், காற்றைக் கூட்டுங்கள். லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் கல் உப்பு கோல்டு பிஷ், கோய், மோலி, கப்பிக்கு நல்ல துணை. டெட்ராவும் செதில் இல்லாத கெளுத்தி வகைகளும் அவ்வளவு உப்பைத் தாங்காது. உங்கள் போர் தண்ணீர் ஏற்கெனவே உப்பாக இருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள். இரண்டு நாளில் மீன் தெளிந்துவிட்டால் வேலை முடிந்தது.

எல்லாப் புண்ணும் பாக்டீரியா இல்லை

தண்ணீர் சரியாக இருந்தும் மீன் தேறவில்லை என்றால், ஒன்றைப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். கையை நனைத்துக்கொண்டு பிடிக்க வேண்டும். காய்ந்த கை மீனின் வழவழப்பை உரித்துவிடும். செவுள் மூடியை மெதுவாகத் தூக்கினால் உள்ளே செவுள் தெரியும். நல்ல செவுள் ரத்தச் சிவப்பாக, சீப்பின் பல் மாதிரி பிரிந்து பிரிந்து இருக்கும். பல்லெல்லாம் ஒட்டிக்கொண்டு, ஓரம் பழுப்பாகவோ மஞ்சளாகவோ கரைந்திருந்தால் செவுளைத் தின்னும் நோய். வெளுத்துப் போயிருந்தால் ரத்தம் குறைந்திருக்கிறது.

உடம்பில் உப்புக் கல் தூவியது போல் வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அது ஒட்டுண்ணி. எந்த ஆன்டிபயாடிக்கும் அதைத் தொடாது. நூல் போல வெளியே நீட்டிக்கொண்டிருப்பது நங்கூரப் புழு, தட்டையாக ஒட்டிக்கொண்டு நகர்வது மீன் பேன். இரண்டும் கண்ணுக்கே தெரியும். குளிர் காலத்தில் விராலுக்கும் கெண்டைக்கும் வரும் ஆழமான சிவப்புப் புண்ணுக்கு அஃபனோமைசிஸ் என்ற நீர்ப்பூஞ்சை காரணம். புண்ணுக்குள் பாக்டீரியா பிறகு வந்து சேரும், ஆனால் தொடங்கி வைத்தது அது இல்லை. கோல்டு பிஷ்ஷுக்கும் கோய்க்கும் ஹெர்பிஸ் வைரஸ் நோய்கள் உண்டு. செவுள் வெளுத்து மொத்தமாகச் செத்து விழும். வைரஸுக்கு மருந்து இல்லை.

பாக்டீரியா நோய்களில் இங்கே அடிக்கடி பார்க்கிறவை இரண்டு. ஏரோமோனாஸ் வந்தால் உடம்பில் ரத்தத் திட்டு, புண், கண் பிதுங்கல், வயிறு உப்பல், செதில் தூக்கிக்கொண்டு நிற்பது. இன்னொன்று ஃப்ளேவோபாக்டீரியம் காலம்னேர் என்ற கிருமியால் வருவது. வாயைச் சுற்றிப் பஞ்சு போல, முதுகில் சேணம் வைத்தது போல வெளிறிய திட்டு, செவுள் அழுகல். வாயில் பஞ்சைப் பார்த்துவிட்டுப் பூஞ்சை என்று நினைத்து, பூஞ்சைக்குப் போடும் மெத்திலின் ப்ளூ என்ற நீல மருந்தை ஊற்றுவது வழக்கம். சென்னை வெயிலில் இந்த நோய் சில நாளில் தொட்டியைக் காலி செய்துவிடும். அதனால் இங்கே தாமதிக்கக் கூடாது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மெல்லிய கம்பிகள் போன்ற பாக்டீரியாக்கள் வைக்கோல் போர் மாதிரி குவிந்து, மெதுவாக நெளிந்துகொண்டிருக்கும். ஒரு முறை பார்த்துவிட்டால் பூஞ்சையோடு குழப்பிக்கொள்ள மாட்டீர்கள்.

ஆய்வகத்துக்கு எடுத்துப் போவது

இதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் புதியவர்கள் செய்யாமல் விடுவது இதைத்தான். லேபெல்லாம் பெரிய பண்ணைக்காரர்களுக்கு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

வடசென்னைக்காரர்களுக்கு இதில் அதிர்ஷ்டம் உண்டு. தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் நீர்வாழ் உயிரின நலனுக்கான மாநில ஆய்வகம் மாதவரம் பால்பண்ணையில் இருக்கிறது. கொளத்தூரிலிருந்து வண்டியில் பையை மடியில் வைத்துக்கொண்டு போய்விடலாம். பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு அதே பல்கலைக்கழகத்தின் டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி பொன்னேரியிலேயே இருக்கிறது. உவர்நீரில் இறாலோ கொடுவாவோ வளர்க்கிறவர்களுக்கு ராஜா அண்ணாமலைபுரத்தில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம். எங்கே போவதானாலும் முதலில் போனில் பேசி, எப்போது எடுத்துவரலாம், கட்டணம் என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். லக்னோவிலுள்ள தேசிய மீன் மரபுவள நிறுவனம் 2023இல் கொண்டுவந்த 'ரிப்போர்ட் ஃபிஷ் டிசீஸ்' என்ற செயலியிலும் நோயைப் படத்தோடு பதிவு செய்யலாம்.

எடுத்துப் போகும் மீன் உயிரோடு இருக்க வேண்டும். செத்த மீன் வேண்டாம். நம் வெயிலில் மீன் செத்த சில மணி நேரத்திலேயே குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் உடம்பு முழுக்கப் பரவிவிடும். கொன்றது எது, செத்த பின் வந்தது எது என்று யாராலும் சொல்ல முடியாது. நோய் நன்றாகத் தெரிகிற, ஆனால் இன்னும் நீந்துகிற மூன்று முதல் ஐந்து மீன்கள் போதும். மருந்து எதுவும் போடுவதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும். மருந்து போட்ட பிறகு எடுத்தால் கிருமி ஆய்வகத் தட்டில் வளராமல் போகலாம்.

பையில் மூன்றில் ஒரு பங்கு தொட்டித் தண்ணீர், மிச்சம் ஆக்சிஜன். இன்னொரு சுத்தமான பாட்டிலில் ஒரு லிட்டர் தொட்டித் தண்ணீர் தனியாக. வழியில் மீன் செத்துவிடும் போலிருந்தால் பையை ஐஸில் வையுங்கள், ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: என்ன மீன், எத்தனை, எப்போது தொடங்கியது, நாளுக்கு எத்தனை சாகிறது, அம்மோனியாவும் பி.எச்சும் எவ்வளவு, புது மீன் எப்போது விட்டீர்கள், இதுவரை என்னென்ன போட்டீர்கள். கடைசிக் கேள்விக்கு வெட்கப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். கேப்சூல் போட்டிருந்தால் போட்டேன் என்று சொல்வது அவர்களுக்குப் பெரிய உதவி.

அங்கே என்ன நடக்கும் என்றால், மீனின் சிறுநீரகத்திலிருந்து துளி எடுத்துத் தட்டில் தேய்த்து வளர்ப்பார்கள். முளைத்த கிருமி எது என்று பார்த்த பிறகு, அதை மட்டும் எடுத்து, முல்லர் ஹின்டன் அகார் என்ற ஜெல்லி போன்ற ஊடகம் ஊற்றிய தட்டு முழுக்கப் பூசி, அதன் மேல் மருந்து நனைத்த சின்னக் காகித வட்டங்களை வைப்பார்கள். மனிதக் கிருமிகளை 35 டிகிரியில் வளர்ப்பார்கள். மீன் கிருமிகளுக்கு 28 டிகிரி. மறுநாள் அந்தத் தட்டை ஒருமுறை காட்டச் சொல்லிப் பாருங்கள். தட்டு முழுக்கப் பால் ஏடு படர்ந்தது போல பாக்டீரியா மூடியிருக்கும். சில காகித வட்டங்களைச் சுற்றித் தெளிவான வளையம் இருக்கும், மருந்து அங்கே கிருமியை வளரவிடவில்லை. சில வட்டங்களை ஒட்டி, காகிதத்தின் விளிம்பு வரைக்கும் ஏடு படர்ந்திருக்கும். நீங்கள் தொட்டியில் உடைத்துப் போட்ட அதே மருந்தின் பெயர் அந்தக் காகிதத்தில் அச்சாகியிருப்பதைக் கண்ணால் பார்த்தால், அதற்கப்புறம் அடுத்த கேப்சூலை உடைக்கக் கை வராது.

ரிப்போர்ட்டில் ஒவ்வொரு மருந்துக்கும் நேராக அடங்கும், இடைநிலை, அடங்காது என்று மூன்றில் ஒன்று இருக்கும். பெரிய வளையம் உள்ள மருந்துதான் சிறந்தது என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு மருந்துக்கும் அகாரில் பரவும் வேகம் வேறு, அடங்கும் அடங்காது என்று பிரிக்கிற வெட்டு அளவும் வேறு. ஒன்றின் மில்லிமீட்டரை இன்னொன்றின் மில்லிமீட்டரோடு ஒப்பிட முடியாது. ஏரோமோனாஸ் ஆம்பிசிலினுக்கு அடங்காது என்று வந்தால் அதிலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அந்தக் குடும்பத்துக்கே அது பிறவிக் குணம். அப்படியானால் மெடிக்கல் ஷாப்பில் அதே வகை மருந்தான அமாக்சிசிலின் வாங்கித் தொட்டியில் கொட்டியதெல்லாம் எங்கே போயிற்று என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

முடிவு வர மூன்று நாலு நாள் ஆகலாம். அதுவரை கை கட்டி நிற்க வேண்டாம். நோய் கண்டவற்றைப் பிரியுங்கள், தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றுங்கள், காற்றைக் கூட்டுங்கள், தாங்கும் மீனுக்கு உப்புப் போடுங்கள், செத்ததை உடனுக்குடன் எடுங்கள். காலம்னேர் போல வேகமாகக் கொல்கிற நோயாக இருந்தால் மைக்ராஸ்கோப் பார்த்த அன்றைக்கே மீன் நோய் மருத்துவர் ஒரு மருந்தைத் தொடங்கச் சொல்லலாம், ரிப்போர்ட் வந்ததும் மாற்றுவார். அந்த முடிவை அவர் எடுக்கட்டும்.

மருந்து எழுதிக் கொடுத்தால்

முதலில் அந்த இரண்டு கேப்சூலுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கேப்சூல் 250 மில்லிகிராம். இரண்டு என்றால் 500. ஆயிரம் லிட்டர் சிமென்ட் தொட்டியில் போட்டால் லிட்டருக்கு அரை மில்லிகிராம். தொட்டியில் கரைக்கிற முறைக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு லிட்டருக்குப் பத்துக் கணக்கான மில்லிகிராம். அதோடு, டெட்ராசைக்ளின் வகை மருந்துகளைத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் பிடித்து வைத்துக்கொள்ளும். நம் போர் தண்ணீரில் அவை இரண்டுக்கும் பஞ்சமில்லை. வெயில் பட்டால் மருந்து சிதையவும் செய்யும். ஆக, அந்த அரை மில்லிகிராமிலும் மீனுக்குள் போவது சொற்பம். கிருமியைக் கொல்ல அது போதாது. ஆனால் கொல்லும் அளவுக்குப் பல மடங்கு கீழே இருந்தாலும் தாங்கும் வகைகளைப் பெருக்கிவிட அது போதும் என்று ஆய்வகங்களில் நிறுவியிருக்கிறார்கள். "கேக்கலன்னா நாலாப் போடு" என்றால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். அதுவும் அதே கதைதான்.

அதனால்தான் மருத்துவர்கள் பெரும்பாலும் தீனியில் கலந்து கொடுக்கச் சொல்கிறார்கள். அளவு தண்ணீரின் லிட்டரை வைத்து இல்லை, மீனின் எடையை வைத்து. ஓர் உதாரணம் பார்க்கலாம். 25 கிராம் எடையுள்ள கோல்டு பிஷ் 200 இருந்தால் மொத்தம் 5 கிலோ. மருத்துவர் ஃப்ளோர்ஃபெனிகால் என்ற ஆன்டிபயாடிக், கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம், 10 நாள் என்று எழுதினால், ஒரு நாளுக்கு 50 மில்லிகிராம் மருந்து. மீன் உடல் எடையில் 2 சதவீதம் தீனி தின்கிறது என்றால் 100 கிராம் தீனி. அந்த 100 கிராமில் 50 மில்லிகிராம் சீராகக் கலந்திருக்க வேண்டும். பொட்டலத்தில் மருந்து பாதியும் மாவு பாதியும் என்றால் 100 மில்லிகிராம் பொடி. நகைக்கடைத் தராசு போல நுணுக்கமாக நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசு இதற்கு அவசியம். அப்படியும் இவ்வளவு குறைந்த எடை சரியாக நிற்காது என்றால், பத்து நாளுக்குமான ஒரு கிலோ தீனிக்கும் ஒரே தடவையாக ஒரு கிராம் பொடியை நிறுத்துக் கலந்து, காற்றுப் புகாமல் ஃபிரிட்ஜில் வைக்கலாம். பொடியைக் கொஞ்சம் சமையல் எண்ணெயில் குழைத்துத் தீனியில் பிசறி, நிழலில் உலர்த்தினால் தண்ணீரில் பட்டதும் கரைந்து ஓடாது.

மீன் ஐந்தாம் நாளே துள்ளினாலும் பத்து நாளும் கொடுத்து முடியுங்கள். ஏற்கெனவே தின்பதை நிறுத்திவிட்ட மீனுக்கு இந்த மருந்து போய்ச் சேராது. இன்னும் தின்கிற மீன்களைத்தான் இது காப்பாற்றும். அதனால்தான் ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க வேண்டும் என்று இவ்வளவு வலியுறுத்துகிறேன். மருந்துத் தீனியைத் தனித் தொட்டியில் வைத்தே கொடுங்கள். தின்றதில் ஒரு பங்கு கழிவோடு வெளியே வந்து, ஃபில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியாவைப் பதம் பார்க்கும். அப்புறம் அம்மோனியா ஏறும், மறுபடி நோய், மறுபடி மருந்து.

சில விஷயங்களில் எனக்கு விட்டுக்கொடுக்க மனம் வராது. நோய் வராமல் இருக்க என்று பை கட்டும்போது ஒரு சிட்டிகை ஆன்டிபயாடிக் போடுவது வேண்டாம். ஒருவர் தொட்டிக்கு எழுதிக் கொடுத்ததை இன்னொருவர் தொட்டிக்குப் போடுவது வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சிடாத, எல்லா நோய்க்கும் கேட்கும் என்று சொல்லி விற்கும் மஞ்சள் பொடிப் பொட்டலங்களை வாங்கவே வேண்டாம். நம் நாட்டுச் சட்டப்படி ஆன்டிபயாடிக் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. அட்டையில் இருக்கும் சிவப்புக் கோடு அதற்காகத்தான்.

தண்ணீரை எங்கே விடுகிறீர்கள்

மருந்து போட்ட தொட்டியின் தண்ணீரைத் திறந்துவிட்டால் அது தெரு வடிகாலில் இறங்கி, ஓட்டேரி நல்லா வழியாகவோ தணிகாசலம் நகர் கால்வாய் வழியாகவோ பக்கிங்காம் கால்வாயில் போய்ச் சேரும். மழைக்கு அதே தண்ணீர் தெருவில் நம் முழங்காலுக்கு ஏறும். அதனால் நோய்த் தொட்டித் தண்ணீரை மீன் இல்லாத வேறொரு தொட்டிக்கு மாற்றி, பிளீச்சிங் பவுடர் கலந்து ஒரு நாள் வெயில் படும்படி வைத்து, அப்புறம் விடுங்கள். இறால் பண்ணைகளில் தண்ணீரைச் சுத்திகரிக்க ஆயிரம் லிட்டருக்கு 60 கிராம் பிளீச்சிங் பவுடர் போடுவார்கள். அந்த அளவு இங்கேயும் பொருந்தும். பவுடர் புதிதாக, மூக்கைத் துளைக்கும் நெடியோடு இருக்க வேண்டும். வலையையும் வாளியையும் இதே கரைசலில் ஊறவைத்து, அலசி, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். செத்த மீனைச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். வடிகாலில் போடுவதும் பூனைக்குப் போடுவதும் வேண்டாம்.

சாப்பாட்டு மீன் வளர்த்தால்

சோழவரம், பொன்னேரிப் பக்கம் குளத்தில் கட்லா, ரோகு, விரால், திலேப்பியா வளர்க்கிறவர்களுக்கு மேலே சொன்னது எல்லாம் பொருந்தும், கூடுதலாகச் சட்டமும் உண்டு. குளோராம்ஃபெனிகாலும் நைட்ரோஃபியூரான் வகை மருந்துகளும் உணவுக்கான மீனில் அறவே கூடாது. கோலிஸ்டினை உணவுக்கான விலங்குகளுக்குத் தருவதை 2019இல் மத்திய அரசு தடை செய்தது. அனுமதி உள்ள ஆக்சிடெட்ராசைக்ளினுக்கும் மீன் இறைச்சியில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம்தான் எல்லை. மருந்து நிறுத்திய பிறகு எத்தனை நாள் கழித்து மீனைப் பிடிக்கலாம் என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சந்தையில் விலை ஏறிவிட்டது என்று முன்னால் பிடிக்காதீர்கள்.

கலர் மீனோ சாப்பாட்டு மீனோ, ஒரு நோட்டு போடுங்கள். தொட்டி எண், தேதி, என்ன நோய், லேப் என்ன சொன்னது, என்ன மருந்து, எத்தனை நாள், எத்தனை பிழைத்தது. அடுத்த வருஷம் அதே மாதத்தில் அதே நோய் வரும்போது, மருத்துவர் முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான். மீன் வாங்குகிறவரும் கேட்டால் காட்டுங்கள். மருந்து தின்ற மீனை அதைச் சொல்லாமல் விற்றால், அவர் தொட்டியில் அதே மருந்தை மறுபடி போடுவார்.

கடைசியாக, உங்கள் கை. சிமென்ட் தொட்டியின் விளிம்பிலும் மீனின் முள்ளிலும் கீறல் படாத மீன்காரர் கிடையாது. கீறல் இருக்கும் நாளில் கையுறை போடுங்கள், குழாயை வாயால் உறிஞ்சித் தண்ணீர் எடுக்காதீர்கள், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மீன்களில் மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற கிருமி இருக்கும். மீன் மெலிந்து, முதுகு வளைந்து, மெல்ல மெல்லச் சாவது அதன் அடையாளம். அது விரலில் ஏறினால் வலி அதிகமில்லாத ஒரு முடிச்சாகத் தொடங்கி, வாரக்கணக்கில் ஆறாமல், சில சமயம் கையின் மேல்பக்கமாக வரிசையாக ஏறும். வழக்கமான ஆன்டிபயாடிக் மாத்திரைகள் பலவும் அதற்குக் கேட்காது, சரியான மருந்தையும் மாதக்கணக்கில் சாப்பிட வேண்டியிருக்கும். ஆய்வகத்தில் அந்தக் கிருமி 30 டிகிரியில்தான் நன்றாக வளரும், வழக்கம்போல 37 டிகிரியில் வைத்தால் தெரியாமலே போகலாம். அதனால் ஆறாத புண்ணோடு மருத்துவரிடம் போகும்போது, அவர் கேட்காவிட்டாலும், "நான் மீன் தொட்டியில் வேலை செய்கிறேன்" என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.